பாதியில் நின்ற அறிவித்தல்

என் மனைவி மௌத்தாகிவிட்டாள், உயிரோடு இல்லை, என்று ஒரு மணித்தியாலம் முழுதாக நம்பியிருந்தேன். சாகாமத்து வயல்வெளியிலிருந்து கல்முனையில் எங்கள் வீட்டு வாசலுக்கு மோட்டார் சைக்கிள் வந்து சேர எடுத்த நேரம் அது. அந்த ஒரு மணித்தியாலத்தை எழுத இத்தனை மாதமாகக் கை வரவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் இருப்பதில்லை. குசினியில் சத்தமில்லை. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அறைக்கும் வாசலுக்குமாக நடந்து களைத்து, கடைசியில் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டேன். எழுதிவிடலாம்.

மகள் உயர்தரம் படிப்பது அவளுடைய உம்மா படித்த அதே பெண்கள் பள்ளிக்கூடத்தில். அங்கே பழைய மாணவிகள் சங்கம் வருடா வருடம் ஒரு புலமைப்பரிசில் கொடுக்கும், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு. இந்தத் தடவை மகள் கொண்டு வந்த நோட்டிஸில் புதிதாக ஒரு பந்தி இருந்தது. இந்தப் பாடசாலையில் உயர்தரம் சித்தியடைந்து, ஏதோவொரு காரணத்தால் மேற்கொண்டு படிக்காமல் நின்றுபோன பழைய மாணவிகளுக்கும் இனி உதவி உண்டு. வெளிவாரிப் பட்டப்படிப்பு, வார இறுதி வகுப்பு. பதிவும் பஸ்ஸும் புத்தகமும் சங்கத்தின் பொறுப்பு. வயதெல்லை இல்லை.

மகள் அதைக் குசினி மேசையில், வெட்டிய வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உம்மா, இதுல ஒங்களப் பத்தி எழுதியிரிக்கி."

"என்னப் பத்தி ஆரு எழுதப் போறா? ஒங்கட வாப்பாவே எழுதினதில்ல."

அந்த அடி எனக்கு. உண்மையும்கூட. கடலை எழுதியிருக்கிறேன், குளத்தை எழுதியிருக்கிறேன், மாரி மழையில் வரம்பு உடையும் சத்தத்தை எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களையெல்லாம் முதலில் வாசித்து, வேண்டாத சொற்களை வெங்காயத் தோல் மாதிரி உரித்துப் போடுகிறவளை எழுதியதில்லை.

'ஏதோவொரு காரணத்தால்' என்று போட்டிருந்தார்கள். காரணம் அப்போது குசினி வாசலில் கந்தோர் சேர்ட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நின்றது. நான்தான்.

எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் வீடு மாறுவது மாப்பிள்ளை. பெண்ணின் வாப்பா வீட்டைக் கட்டி, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு சூட்கேசும் இரண்டு பெட்டி புத்தகமுமாக இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். இந்த ஊரில் இன்றைக்கும் எனக்குப் பெயர் இன்னாரின் மருமகன். அந்த வீட்டுக்குக் கொங்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவள் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தாள். என் வீட்டார் நாள் குறிக்க அவசரப்பட்டார்கள். அவளுக்கு உம்மா இல்லை. வளர்த்தது சாச்சி, உம்மாவின் தங்கை. அந்தச் சாச்சி என் ராத்தாவிடம், அதாவது அக்காவிடம், கேட்டாராம்: "புள்ளைக்குக் கெம்பஸ் கிடைச்சாலும் கிடைக்கும். மாப்புள என்ன சொல்றார்?" கேள்வி என்னிடம் வந்தது. நான் மூன்றே மூன்று சொல் சொன்னேன்.

"கலியாணத்த முடிச்சிட்டுப் படிக்கட்டுமே."

பெரிய மனசுக்காரன் சொல்கிற பதில் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு கடிதம் பிந்தித்தான் வந்தது, பதிவுத் திகதி தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சரி, அடுத்த வருடம் பார்ப்போம். அடுத்த வருடம் மாமாவுக்கு, அவளுடைய வாப்பாவுக்கு, சுகமில்லை. அதற்கடுத்து கடல் ஊருக்குள் வந்த வருடம். பிறகு மகள். யாரும் அவளைப் படிக்காதே என்று சொல்லவில்லை. ஒரு நாள் அவள் தன்னுடைய புத்தகங்களைக் கட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள். நான் அப்போது அறையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

நோட்டிஸ் மூன்று நாள் மேசையில் கிடந்தது. வெங்காயச் சாறு பட்டு ஒரு மூலை சுருண்டது. நாலாம் நாள் அவளே படிவத்தை எடுத்தாள்.

"எழுதுறன். ஆனா ஒரு விசயம். ஊருக்குத் தெரியக்கூடா. முக்கியமா சாச்சிக்குத் தெரியக்கூடா. மொத வருசம் பாஸாகட்டும், பொறகு நானே சொல்லுவன்."

"தெரிஞ்சா என்ன?" என்றேன்.

"என்னவா? தாயும் மகளும் ஒரே வருசத்துல சோதின எழுதுறாங்க எண்டு ரோட்டு ரோட்டாச் சிரிப்பாங்க. நான் ஃபெயிலாகி மகள் பாஸானா அதுக்கும் சிரிப்பாங்க. ஒங்களுக்கென்ன, நீங்க வயலப் பாக்கப் போயிருவீங்க."

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அடித்து வைத்திருந்த பழைய படிவத்தைத்தான் சங்கத்தார் அப்படியே எடுத்திருக்க வேண்டும்; 'பெற்றார் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று கோடு போட்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு யார் பாதுகாவலர்? நான் பேனையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேனை தானாகப் பின்னுக்கு வந்தது. மகள் அதைப் பறித்து, நீட்டி நெளித்து ஒரு கையெழுத்துப் போட்டு, உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினாள்.

"நல்லாப் படிக்கணும் என்ன? சும்மா ஃபோனத் தட்டிக்கிட்டு இரிக்கக்கூடா" என்று உம்மாவின் குரலில் உம்மாவுக்குச் சொன்னாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே மதிலில் இருந்த பூனை இறங்கி ஓடியது.

அதற்குப் பிறகு ஒரு மாதம். சங்கத்திலிருந்து அழைப்பு வரும், அந்த நேரம் பார்த்துச் சாச்சி பக்கத்தில் இருப்பார் என்று பயந்து, பகலில் அவள் ஃபோனை அணைத்தே வைத்திருந்தாள். சாச்சி அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். தினமும் காலையில் வருவார். ஊரில் பாதிக் கலியாணம் அவர் பேசி முடித்தது. வந்தால் அண்ணாந்து எங்கள் வீட்டுக் கூரைத் தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பார்ப்பார். "மகளுக்கு மேல்வீடு எப்ப மருமகன் எழுப்புறயள்? கம்பி கறள் பிடிக்கிது." அதற்கு நான் ஒரு நாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

எனக்குக் கமநலக் கந்தோரில், விவசாயிகளின் காரியம் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தில், வேலை. அன்று சாகாமத்தில் விதைத்த காணிகளைப் பார்த்துப் பட்டியல் எடுக்கப் போயிருந்தேன். குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. வயல்காரர் ஒருவர் வாயில் வெற்றிலையோடு எல்லையைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்தது. கந்தோரில் என்னோடு வேலை செய்கிறவர், வயதில் மூத்தவர் என்பதால் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். எப்போதும் பகிடியோடு தொடங்குகிற மனிதர். அன்று ஸலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, வேலைய விட்டுட்டு வீட்ட போங்க."

"என்ன நானா?"

"ஒங்கட பகுதிப் பள்ளியில அறிவித்தல் சொன்னாங்களாம்."

எங்கள் ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகை நேரமில்லாத நேரத்தில் அறிவித்தல் என்றால், பத்துக்கு ஒன்பது மௌத்துச் செய்திதான். கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் காதைக் கொடுப்பார்கள்.

"ஆராம்?"

"ஒங்கட பேரத்தான் சொன்னாங்களாம் தம்பி. இன்னார்ர மனைவி எண்டு."

அவளுக்கு எடுத்தேன். அணைத்திருந்தது. மறுபடி எடுத்தேன். அணைத்திருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில், அவளிடம் ஃபோன் இல்லை. வயல்காரர் என் முகத்தைப் பார்த்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒன்றும் கேட்காமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிப் பிடித்துத் தந்தார்.

வழியில் சட்டைப் பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டே வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை. நிறுத்தி எடுக்கவில்லை. எடுத்தால் யாரோ ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை. இப்படித்தான் மனம் கணக்குப் போட்டது. அக்கரைப்பற்றுச் சந்தியில் கண்டக்டர் ஒருவன் "கல்முனை, கல்முனை, கல்முனை" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்த ஊரில் இனி எனக்கு என்ன இருக்கிறது? அவளுடைய மாப்பிள்ளையாகத்தான் அங்கே வந்தேன். அவள் இல்லையென்றால் நான் எந்த ஊர்? அட்டாளைச்சேனையில் நான் பிறந்த ஒழுங்கை இடது பக்கம் வந்தது, போனது. திரும்பிப் பார்க்கவில்லை. நிந்தவூரில் யாரோ ஒரு பெண் மதிலோரம் நின்று நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். வெயில் சும்மா எரிந்தது.

மௌத்தானவர்களின் முகம் நினைவுக்கு வரும் என்பார்கள். எனக்கு அவளுடைய முகம் வரவில்லை. நான் சொன்ன மூன்று சொல்தான் வந்தது. கியரை மாற்றும் இடத்திலெல்லாம் வந்தது. கலியாணத்த முடிச்சிட்டுப் படிக்கட்டுமே. முடித்தாயிற்று. எல்லாம் முடிந்தது. இனி எப்போது படிப்பாள்?

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினேன். பயந்தது போலவே இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள். ஆண்கள் கூட்டம். வளவுக்குள் பெண்களின் முக்காடுகள். ஆனால் அந்த ஆண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மையித்து வீட்டு வாசலில் இருந்து சிரிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே விட்டேன், அது விழுந்தது.

கேற்றைத் திறந்துகொண்டு தேத்தண்ணித் தட்டோடு வந்தாள் அவள்.

"ஹெல்மட்டக் கழட்டுங்க" என்றாள். "நான் மௌத்தாகல்ல."

யாரோ தள்ளிய கதிரையில் இருந்தேன். தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அத்தனை ஆண்களுக்கு முன்னால், என் தலையிலிருந்து ஹெல்மட்டை அவளே கழற்றினாள்.

நடந்ததைச் சொன்னது எங்களுக்குத் தினமும் மீன் தருகிறவர். பாண்டிருப்புக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற தமிழ் மனிதர்; என்னை எங்கள் வழக்கப்படி காக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். சுற்றி நின்றவர்கள் அதை எத்தனையாவது தடவையாகக் கேட்டார்களோ, புதிதாகக் கேட்பது போலக் காதைக் கொடுத்தார்கள்.

"நான் அந்தச் சந்தியில நிண்டு ஒரு பாரையத் துண்டு போட்டுக்கிட்டிருக்கன் காக்கா. ஸ்பீக்கர் கதைக்குது. அறிவித்தல், அறிவித்தல். மர்ஹூம் இன்னாரின் மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்ன செல்விட தாயாருமாகிய... டக்! கரண்ட் போயிட்டு."

"போன கரண்டு போனதுதான்" என்றார் இன்னொருவர். "மிச்சத்த ஊரே சொல்லி முடிச்சிட்டு."

"நான் கத்தியக் கீழ வச்சன். செத்த வீட்டுக்கு மீனோட போகக்கூடாதெண்டு பெட்டியத் தேத்தண்ணிக் கடையில எறக்கிட்டு ஓடி வாறன். நேத்துத்தான் இந்தத் தங்கச்சி 'உன்ட மீன் பழசு' எண்டு என்னோட சண்ட பிடிச்சது. நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யிது. வந்து பாத்தா, தங்கச்சி கையில மாவோட கேற்றுக்குள்ள நிண்டு, 'என்ன அண்ண, மீனெங்க?' எண்டு கேக்குது!"

சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒரு கதிரையில் மட்டும் சிரிப்பில்லை. அதில் பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை. அவர் கையில் ஒரு கடதாசித் துண்டு. சங்கத்தார் அனுப்பியது. தெரிவான பழைய மாணவிகளில் ஒருத்திக்கு ஃபோனில் தொடர்பு கிடைக்கவில்லை, பல்கலைக்கழகப் பதிவு நாளைக்கு முடிகிறது, இன்று பின்னேரம் நாலு மணிக்குள் சான்றிதழ்களோடு பாடசாலைக்கு வரச் சொல்லி அறிவித்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பெண்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது எங்கள் வழமையில்லை. அதனால் மரியாதையாக இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மோதினார் இத்தனை வருடம் வாசித்துப் பழகிய அதே குரலில் தொடங்கியிருக்கிறார். பள்ளியில் இருந்த பற்றரியும் அன்றைக்கென்று இறங்கிப் போயிருந்தது.

"மன்னிச்சிருங்க தம்பி" என்றார் என்னிடம். "வாய் பழகிப் போச்சி."

"இன்னாலில்லாஹி எண்டும் சொன்னீங்கதானே?" என்று, மௌத்துக்குச் சொல்கிற வாசகத்தை இழுத்தார் ஒரு முதியவர்.

"அல்லாஹ்வே, நான் சொல்லல்ல!"

"எனக்குக் கேட்டிச்சே!"

"ஒங்களுக்கு எப்பவும் அதுதான் கேக்கும். வயசு அப்பிடி" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ஆக, இரகசியம் வெளியே வந்துவிட்டது. ஒரு மாதம் ஃபோனை அணைத்துக் காப்பாற்றிய இரகசியம், அந்த அணைத்த ஃபோனாலேயே கடல் வரைக்கும் கேட்டுவிட்டது. நான் அவளைத் தேடினேன். மீன்காரர் என் காதுக்குக் குனிந்து, பகிடி போன குரலில் சொன்னார்: "உள்ளுக்குப் போங்க காக்கா. சாச்சி வந்த வரத்து வேற. நான் அதச் சொல்லேலா."

குசினியில் இரண்டு பேரும் இருந்தார்கள். சாச்சி மர வாங்கில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு. மனைவி அடுப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு. மணி இரண்டரை.

"நான் போகல்ல" என்றாள் திரும்பாமல். "வாசல்ல பாத்தீங்கதானே சிரிக்கிறத. இதுதான் வேணாமெண்டு சொன்னன். சங்கத்துக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருங்க."

"அவங்க சிரிக்கிறது நீ உயிரோட இரிக்கிறதுக்குப் புள்ள."

"எனக்குத் தெரியும் எதுக்குச் சிரிப்பாங்க எண்டு."

சாச்சி வாங்கிலிருந்தே சொன்னார்: "மருமகன், ஒங்களுக்கிட்டயும் சொல்லிர்றன். இவளுக்குச் சொல்லிட்டன். மௌத்தாயிட்டாள் எண்டு நினைச்சி, ரோட்டெல்லாம் கத்திக்கிட்டுத்தான் ஓடி வந்தன். என்ன கத்தினன் எண்டு எனக்கே தெரியா. கேற்றுக்குள்ள இவள் நிண்டு எல்லாத்தையும் கேட்டிட்டாள்."

"என்ன சாச்சி?"

"படிக்கணும் படிக்கணும் எண்டு நிண்ட புள்ளயப் பிடிச்சிக் கட்டி வச்சனே எண்டு கத்தினன். கெம்பஸ் கடிதத்த நாந்தானே ஒளிச்சன் எண்டு கத்தினன்."

கூரையில் எங்கோ ஒரு காகம் கம்பியைக் கொத்தும் சத்தம் கேட்டது.

"கடிதம் பிந்தி வரல்ல" என்றார் சாச்சி. "நேரத்துக்கு வந்திச்சி. நீங்க சொல்லியனுப்பினீங்க, கலியாணத்த முடிச்சிட்டுப் படிக்கட்டும் எண்டு. மாப்புளட விருப்பம் அதெண்டு நான் எடுத்தன். கடிதத்தக் காட்டினா இவள் அண்டைக்கே பெட்டி கட்டிருவாள். திகதி போகுமட்டும் வச்சிரிந்து, பொறகு கடிதம் பிந்திட்டு எண்டு சொன்னன். அவள் கேட்டாள் கடிதமெங்க எண்டு. குப்பைக்குள்ள போட்டுட்டன் எண்டன்."

நான் மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் சுமந்து வந்த மூன்று சொல்லும் இப்போது குசினிக்கு நடுவில் கிடந்தன. நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தன. அவற்றை ஒரு ஆள் பத்திரமாக வாங்கி, அப்படியே செய்து முடித்திருக்கிறார் என்று இருபது வருடத்துக்கு மேல் எனக்குத் தெரியாது.

"வழி முழுக்க அதத்தான் நினைச்சிக்கிட்டு வந்தன்" என்றேன் அவளுடைய முதுகுக்கு. "நான் சொன்னது பிழை. கேட்ட அண்டைக்கே படிக்கட்டும் எண்டு சொல்லியிரிக்கணும். கலியாணம் காத்திரிந்திரிக்கும்."

அவள் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபமும் இல்லை. கணக்குப் பாடத்தில் விடையைச் சரிபார்க்கிற பிள்ளையின் முகம்.

"சாச்சி, உண்மையாக் குப்பைக்குள்ளதான் போட்டீங்களா?"

சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மனசு வரல்ல மகள். என்ட பெட்டகத்துல, குர்ஆன் உறைக்குக் கீழ இரிக்கி."

"போய் எடுத்துட்டு வாங்க."

அவர் போனார். அறுபத்தெட்டு வயதில் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. வாசலில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் மடித்து மடித்து ஓரம் பழுப்பாகிப்போன ஒரு கடித உறை. மனைவி அதை வாங்கி, சாரியின் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. வாசித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்து ஒரே ஒரு வரியை வாசித்தாள். அது திகதி என்று பிறகு சொன்னாள்.

"ஒரு தரம் திகதி போயிட்டு" என்றாள். "இன்னொரு தரம் போகேலா. எத்தின மணிக்குச் சொன்னாங்க?"

"நாலு."

"ஆட்டோவுக்குச் சொல்லுங்க. என்ட சான்றிதழ் அலுமாரியில, ஒங்கட கவிதைக் கொப்பிகளுக்கு அடியில இரிக்கி. அதுகள் மேல கெடந்தா ஆருக்கும் கண்ணுல படாதெண்டுதான் அங்க வச்சன்."

அபாயாவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவள் நேரே மோதினாரின் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"கரண்ட் வந்ததும் மிச்சத்தச் சொல்லுவீங்களா?"

"கட்டாயம் மகள். மிச்சத்த வாசிச்சி, ஊருக்கு விளங்கப்படுத்திர்றன்."

"மிச்சத்த மட்டும் வாசிக்காதீங்க. மொதல்ல இரிந்து வாசிங்க. என்ட பேரச் சொல்லி."

மோதினார் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவர் கடதாசித் துண்டைப் பார்த்தார். "பொம்புளயள்ற பேர ஸ்பீக்கர்ல சொல்ற வழம இல்லயே மகள். பள்ளி நிருவாகத்து மரைக்கார்மாரக் கேக்கணும்..."

அப்போது பின்னால் இருந்து சாச்சியின் குரல் வந்தது. பாதிக் கலியாணங்களைப் பேசி முடித்த குரல்.

"மையித்து எண்டா ஆர்ர பொண்டாட்டி எண்டு சொன்னாப் போதும் மோதினார். படிக்கப் போறவள் ஆரெண்டு பேர் சொல்லத்தானே வேணும்? கேளுங்க மரைக்கார்மார. நான் கேக்கச் சொன்னதெண்டு கேளுங்க. அவங்கட கலியாணத்தயும் நாந்தான் பேசினன்."

மோதினார் அப்போதுதான் தேத்தண்ணியை எடுத்து ஒரே மிடறில் குடித்தார். ஆறிப்போன தேத்தண்ணி.

ஆட்டோவில் மூன்று பேர் போனோம். சாச்சியும் ஏறிக்கொண்டார், யாரும் கூப்பிடவில்லை, யாரும் இறங்கச் சொல்லவுமில்லை. மீன்காரர் ஓடி வந்து சொன்னார்: "தங்கச்சி, தேத்தண்ணிக் கடையில பெட்டி அப்பிடியே இருக்கு. பின்னேரம் ஒரு பாரை கொண்டு வந்து தாறன், உயிரோட இருக்கிறதுக்கு." "பழசில்லாததாப் பாத்துக் கொண்டாங்க" என்றாள் அவள். ஆட்டோ கிளம்பியது.

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மூன்றரை. மகள் பாடசாலை உடுப்போடு கேற்றில் காத்து நின்றாள். அவளுக்கும் செய்தி இரண்டு மாதிரியும் எட்டி, பாதி அழுது பாதி சிரித்த முகம். உள்ளே நுழையக் கால் எடுத்து வைக்கும்போது மின்விசிறிகள் ஒரேயடியாகச் சுற்றத் தொடங்கின. கரண்ட் வந்துவிட்டது. சங்கத்தார் இருந்த மண்டபத்துக்கு நாங்கள் நடந்து பாதிதான் போயிருப்போம், தெற்கே எங்கள் பகுதிப் பக்கமிருந்து ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

அறிவித்தல்.

மோதினாரின் குரல் முதலில் தடுமாறியது. பிறகு அவள் பெயரைச் சொன்னது. பாடசாலை இடாப்பில் இருந்த மாதிரி முழுப் பெயரை, முன்னால் வாப்பாவின் முதலெழுத்தோடு. இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் ஆகாயத்தில் கேட்டதில்லை. வீட்டுக்குள் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்திருக்கிறேன். அது தென்னை மரங்களுக்கு மேலால் வந்து, மைதானத்தைத் தாண்டிப் போனது. மைதானத்தில் வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள்.

அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகளுடைய தோளில் கை வைத்துக்கொண்டாள்.

இது நடந்து ஏழெட்டு மாதமாகிறது. அவள் புவியியல் எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள்; ஒரு தரம் பஸ்ஸைத் தவறவிட்டு, நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன், சாகாமத்திலிருந்து வந்த அதே வீதியில், எதிர்ப்பக்கமாக. முதல் ஒப்படைக்கு, வீட்டில் எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு, இருபதுக்கு ஒன்பதுதான் கிடைத்தது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மகள் கதவைத் தட்டி, "பாதுகாவலர் வந்திரிக்கன், தொறங்க" என்றாள். அடுத்ததற்குப் பதினான்கு. சிரித்தவர்கள் சிரித்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்கையில் இரண்டு பெண்கள் அவளிடம் வந்து படிவம் எங்கே எடுக்கலாம் என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தியின் மாப்பிள்ளை என்னை வழியில் மறித்து, "ஒங்கட வீட்டால எங்களுக்கும் இனிச் சனிக்கிழம சோறில்ல" என்றான். பகிடியாகத்தான். பகிடியாகத்தான் என்று நினைக்கிறேன்.

சாச்சி இப்போது மேல்வீட்டுக் கம்பியைப் பற்றிக் கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் வந்து மீனைக் கழுவி ஆக்கிவைத்து, நான் வெங்காயம் வெட்டுகிற முறையைக் குறை சொல்லிவிட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகும் போகாமல் வாங்கில் இருப்பார். பஸ்ஸால் இறங்கி வருகிறவள் முகத்தைக் கழுவக்கூட விடமாட்டார்.

"வந்திட்டியா? இரி. இண்டைக்கி என்னகா படிச்ச?"

போன கிழமை அவள் களைப்போடு முக்காட்டைக் கழற்றிவிட்டு, கடல் ஏன் ஒரு இடத்தில் கரையைத் தின்று இன்னொரு இடத்தில் மணலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று சொன்னாள். அலை நேராக வராமல் சரிந்து வருவதை மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். நான் கடலைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியவன். அந்தக் கோட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாச்சி நாடியில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"வெளங்கிச்சா சாச்சி?"

"இல்ல" என்றார் சாச்சி. "எண்டாலும் நீ சொல்லு."